சுக்கானுக்கு வழிவிடுதல்
(பழைய மோட்டார் வண்டிக்கு வேற்று எஞ்சின் பூட்டுவோர் கருதவேண்டியன)

யாழ்ப்பாணத்து வீதிகளிலே இன்றும் ஓடுகின்ற ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலாய வண்டிகளைக் காணும் வெளியூரார் அவற்றை நூதனசாலைப் பொருள்களாக எண்ணிப் படம் பிடித்துச் செல்வர். நமக்கோ அவை வீட்டு முற்றத்து வேம்பைப் போலப் பழகியவை. மணமக்களை ஏற்றியவை, பிள்ளைப்பேற்றுக்கு விரைந்தவை, 1990 ஆம் ஆண்டிலே கீரிமலையையும் அயற் கிராமங்களையும் விட்டு நாம் வெளியேறியபோது பாயும் பானையும் கிழவியரும் குழந்தைகளுமாய் நம்மைச் சுமந்தவை. அவ்வண்டிகளுள் ஒன்றன் எஞ்சினை மாற்றியதால் விளைந்த ஓர் இடரையும், அதன் காரணத்தையும், அது தீர்ந்த வழியையும் இம்மலரிலே எழுத முற்பட்டேன். தமிழாசிரியனுக்கு இஃது ஏன் என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். அவ்வண்டியினுள்ளே அன்று யானும் இருந்தேன் என்பதே அதற்கு விடை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. வண்டியைத் திருப்பும் கருவியை நம் கராஜ்களில் ஸ்ரியரிங் என்பர். தமிழகத்துப் பாடநூலார் திசைமாற்றி என்பர். யான் இங்கே சுக்கான் என்றே வழங்குகின்றேன். அரபு மொழியிலிருந்து கடல்வழியாக வந்து தமிழிற் குடியேறிய சொல் அது. கடற்கரையிலே பிறந்தவர்க்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இனி, இவ்வண்டிகளுக்கு எஞ்சின் மாற்றம் ஏன் வேண்டியதாயிற்று? 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. சிறு போத்தலில் வைத்த சில துளி பெற்றோலாலே எஞ்சினை இயக்கிச் சூடேற்றி, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வித்தையை நம்மவர் கற்றனர். புதுக்காலத்து எஞ்சின் இதற்கு உடன்படாது. அமுக்கம் குறைந்த பழைய ஆங்கில எஞ்சின் உடன்பட்டது. ஆயினும் அதற்கு ஒரு விலை இருந்தது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எரியாது எஞ்சிய பகுதி உருளைச் சுவர் வழியே வழிந்து, கீழேயுள்ள எண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்தது. நீர்த்த எண்ணெயோடு ஆண்டுக்கணக்காய் ஓடிய எஞ்சினிலே வளையங்களும் பெயாரிங்குகளும் தேய்ந்தன. 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபின் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து யப்பானிய எஞ்சின்களை வாங்கிவருதல் எளிதாயிற்று. தேய்ந்ததைக் கழற்றி வேற்றினத்தைப் பூட்டும் வழக்கம் இங்ஙனம் பரவியது.

இதனைப் பழைய வண்டிக்குச் செய்யும் பெரும்பாவம் என்று கொதிக்கும் அன்பர்கள் உளர். யான் அக்கட்சியினன் அல்லேன். மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தபோது அதில் 918 கன சென்ரிமீற்றர் கொண்ட பக்கவால்வு எஞ்சின் இருந்தது. 1952 இல் மொறிஸ், ஒஸ்ரின் என்னும் இரு நிறுவனங்களும் இணைந்தவுடன் ஒஸ்ரினின் 803 எஞ்சினை அதே உடலிற் செய்தவர்களே பூட்டினார்கள். அவ்வண்டியை வகுத்த அலெக் இசிகோனிஸ் முதலிலே எண்ணியிருந்தது படுக்கையாய்க் கிடக்கும் நான்கு உருளை எஞ்சினையாம். அது கைகூடாது போயிற்று. அதற்கென விட்ட அகலம் மட்டும் மூடியின் கீழே எஞ்சியது. பின்வந்தோர் பலவகை எஞ்சினையும் அதனுள் இறக்கத் துணிந்தமைக்கு அவ்வகலமும் ஒரு காரணம். இந்தியாவிலே மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வழிவந்த அம்பாசடர் வண்டிக்கும் 1990களில் இசூசு எஞ்சின் பூட்டப்பட்டது. நிசான் நிறுவனமோ 1952 இல் ஒஸ்ரினுடன் உடன்படிக்கை செய்து, ஒஸ்ரின் வண்டிகளை யப்பானிற் செய்து தொழில் பயின்றது. ஆகவே ஒஸ்ரினுள்ளே நிசான் எஞ்சின் புகுதல் மாணாக்கன் குருவின் வீட்டுக்கு வருதலை ஒக்கும். வந்தவன் வீட்டின் அமைப்பை அறியாது வருவதே இடர்.

எனது மாமாவின் வண்டி ஒஸ்ரின் ஏ40 சமர்செற். 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட வகை. 1,200 கன சென்ரிமீற்றர், 42 குதிரைவலு. இவ்வெஞ்சினே பின்பு வளர்ந்து 1,489 கன சென்ரிமீற்றர் ஆகிக் கேம்பிறிட்ஜ் வண்டிகளில் அமர்ந்தது. ஆதலின் கேம்பிறிட்ஜின் எஞ்சின் கிடைத்திருப்பின் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. கிடைத்தது நிசான் சனி வண்டியின் 1,397 எஞ்சின். ஒரு கராஜில் அதனைப் பூட்டினார்கள். எஞ்சின் இனிது ஓடியது. மாமா மகிழ்ந்தார்.

2016 ஆம் ஆண்டு ஆடியமாவாசையன்று, தந்தையை இழந்தோர் கீரிமலைத் தீர்த்தத்திலே பிதிர்க்கடன் செய்யும் நாளில், அறுவர் அவ்வண்டியில் ஏறிச் சென்றோம். மாவிட்டபுரத்திலே காங்கேசன்துறை வீதியை விட்டு மேற்கே கீரிமலைக்கு இடப்புறமாய்த் திரும்பவேண்டும். சனநெரிசலால் வண்டி நின்று, முதற் கியரிற் புறப்பட்டுத் திரும்பியது. திரும்பிய சுக்கான் மீள மறுத்தது. மாமா இரு கைகளாலும் வளையத்தை வலித்தும் அது அசையவில்லை. வீதியோரத்தில் ஒரு கச்சான் கடை. அதன் அருகிலே பிள்ளைகள். அவர் காலை வேகமிதியினின்று எடுத்துத் தடையை மிதித்த அக்கணத்திலே சுக்கான் தானாக விடுபட்டது. கடைக்கு ஒரு முழம் இப்பால் வண்டி நின்றது. கச்சான் விற்ற அம்மையார் சொன்ன வார்த்தைகளை இம்மலரில் அச்சேற்ற இயலாது. அவர் கோபித்ததில் தவறும் இல்லை.

எஞ்சின் பூட்டிய கராஜிலே வண்டியை உயர்த்திச் சுக்கானை இருபுறமும் திருப்பிப் பார்த்தனர், எளிதாய்ச் சுழன்றது. பெட்டியில் எண்ணெய் குறைவு என்று கூறி எண்ணெய் விட்டு அனுப்பினர். மாமாவுக்கு மனம் அமையவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில், அது 1990 இல் நின்றுபோகும்வரை, கடைச்சல் வேலை செய்த முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “மாஸ்ரர், நிண்ட எஞ்சினிலை தேடினா என்னத்தைக் காணுறது? ஓடேக்கை அது எங்கை சரியுதெண்டு பாக்கவேணும்” என்றார். இவ்விடரின் முழுச் சூத்திரமும் அவ்வொரு வாக்கியத்துள் அடங்கியது.

எஞ்சின் வண்டியின் உடலோடு இறுகப் பிணைக்கப்பட்டதன்று. அதிர்வு உடலிற் பரவாதபடி றப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பது. முன்னின்று நோக்கின், இவ்வகை எஞ்சின்களின் கிராங் தண்டு மணிக்கூட்டு முள்ளின் திசையிற் சுழல்வது. அத்தண்டு சில்லுகளைத் திருப்பும்போது, ஒவ்வொரு வினைக்கும் எதிர்வினை உண்டு என்னும் நியூற்றன் விதிப்படி, எஞ்சினின் உடல் எதிர்த்திசையிலே திரும்ப முயல்கின்றது; அதாவது வண்டியின் வலப்புறம் சாய்கின்றது. நம் நாட்டிற் சாரதி அமர்வதும் வலப்புறமே. சுக்கான் தண்டு இறங்குவதும் வலப்புறமே. எனவே வேகமிதியை அழுத்துந்தோறும் எஞ்சின் சுக்கானை நாடிச் சாய்கின்றது. கியர்ப்பெட்டி முறுக்கத்தைப் பெருக்கித் தருவதால் முதற் கியரில் இச்சாய்வு மிகும். காலை எடுத்தாலோ எஞ்சின் தன்னிலைக்கு மீளும். கராஜிலே பிழை காணப்படாமைக்கும், சந்தியிலே காலை எடுத்தவுடன் சுக்கான் விடுபட்டமைக்கும் காரணம் இதுவே.

முதியவர் விளக்கைப் பிடித்து எஞ்சினின் வலப்பக்கத்தைக் காட்டினார். நிசான் எஞ்சினில் எண்ணெய்ப் பம்பி உருளைக் கட்டைக்கு வெளியே நிற்பது. அதன்மேலே எண்ணெய் வடிகட்டி திருகப்படுவது. அவ்வடிகட்டியின் தகரத்திலே ஐந்து சதக் காசளவில் நிறப்பூச்சு தேய்ந்து மின்னியது. நேர் எதிரே சுக்கான் தண்டின் வெளிக்குழாயிலும் அத்தகைய தேய்வு. நின்றநிலையில் இரண்டுக்கும் இடையே ஒரு விரல் நுழையும். இன்னும் சில மாதம் ஓடியிருப்பின் வடிகட்டி துளைபட்டு எண்ணெய் முழுதும் வீதியிற் கொட்டியிருக்கும்.

அதனினும் கொடிய ஒன்று பின்னர் வெளிப்பட்டது. எஞ்சினை இறக்கியபோதே அவ்விடத்தில் இடைவெளி போதாமையைக் கண்ட கராஜினர், சுக்கான் தண்டின் பிடியைத் தளர்த்தி, தண்டை அரை அங்குலம் வெளியே நெம்பி மீண்டும் இறுக்கியிருந்தனர். கீழே சுக்கான் பெட்டியோ சேசிஸில் இருந்த இடத்திலேயே இருந்தது. எனவே நேராய் நிற்கவேண்டிய தண்டு சற்றே வில்லாய் வளைந்து, உள்ளே பெயாரிங்கையும் பெட்டியின் திருகையும் ஓயாது நெருக்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே நெருங்கியிருந்த தண்டின்மேல் வடிகட்டியும் வந்து முட்டியபோது அது முற்றாகப் பிடித்துக்கொண்டது. பிழை ஒன்றன்று, இரண்டு; இரண்டாவதைச் செய்தவர்கள் முதலாவதைத் தீர்த்துவிட்டதாகவே நம்பியிருந்தனர்.

ஈண்டு வண்டிகளின் இருவகை அமைப்பை நினைவிற்கொள்ளல் வேண்டும். ஏ40 முதலியவற்றிலே சுக்கான் தண்டு எஞ்சினின் பக்கமாக நீண்டு சென்று பெட்டியைச் சேரும். சமர்செற்றிலே கியர் மாற்றும் கோலும் அத்தண்டை ஒட்டியே இருப்பதால் நெருக்கம் இன்னும் அதிகம். மொறிஸ் மைனரின் அமைப்பு வேறு. அங்கே பல்வெட்டிய சட்டம் ஒன்று, எஞ்சினுக்குப் பின்னே, சாரதியின் காற்சுவரை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும். சிறு பற்சில்லு அதனை இருபுறமும் நகர்த்தும். ஆதலின் மைனரிலே பக்கத்தில் இடம் தாராளம், பின்புறத்திலேதான் முட்டுப்பாடு. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேரும் மணிபோன்ற பகுதியோ, புகைக்குழாயின் வளைவோ அச்சட்டத்தை எதிர்கொள்ளும்.

அப்படி எதிர்கொள்ளும்போது சட்டத்தை ஓர் அங்குலம் உயர்த்தியோ தாழ்த்தியோ பூட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். கூடவே கூடாது. ஏன் என்பதை நம் தோட்டத்துத் துலாவைக்கொண்டு விளக்கலாம். அருகருகே இரண்டு துலாக்கள், அச்சுகள் ஒரே உயரத்தில், ஒரே நேரிலே உள்ளன, நீளமும் ஒன்று. அவற்றின் நுனிகளை ஒரு சிறு தடியாலே பிணைத்து மேலும் கீழும் ஆட்டினால் தடி ஒரு பக்கமும் இழுபடாது. ஒரு துலாவின் அச்சை மட்டும் ஒரு முழம் உயர்த்திவிட்டு ஆட்டுக! நுனிகள் வெவ்வேறு வட்டங்களில் ஓட, தடி முறுகும். வண்டியின் முன்சில்லைத் தாங்கும் புயம் ஒரு துலா. சட்டத்திலிருந்து சில்லுக்குச் செல்லும் இழுதண்டு மற்றொரு துலா. இரண்டின் வட்டங்களும் பொருந்தும்படியே வண்டியைச் செய்தோர் அளந்து வைத்தனர். சட்டத்தை இடம்பெயர்த்தால், பள்ளத்திற் சில்லு விழுந்தெழுந்தோறும் இழுதண்டு சில்லைத் தானே திருப்பும். சாரதி வளையத்தை அசையாது பிடித்திருந்தாலும் வண்டி வீதியில் அலையும். நம் உள்வீதிகளின் பள்ளங்களை அறிந்தோர்க்கு மேலும் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே சுக்கான் பெட்டியையும் சட்டத்தையும் இழுதண்டுகளையும் முதலில் வண்டி செய்தோர் வைத்த இடத்தில் வைத்து, அவற்றைத் தொடாது, எஞ்சினையே இணங்கச் செய்தல் வேண்டும் என்பதே யான் வற்புறுத்துவது. எஞ்சின் பலவகையில் இணங்கும். அதனைச் சற்று இடப்புறம் நகர்த்தலாம். எஞ்சின் வண்டியின் நடுக்கோட்டிலேயே இருந்தாகவேண்டும் என்பது பலர் கொண்ட மயக்கம். நடுவிலிருந்து விலகினாலும், கியர்ப்பெட்டியின் அச்சும் பின்னச்சின் பற்சில்லுத் தண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாய் இருந்தாற் போதும். இடைத்தண்டின் மூட்டுகள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். முன்னோக்கி நகர்த்தலுமாம், ஆனால் விசிறி றேடியேற்றரைத் தொடும். தாழ்த்தினால் எண்ணெய்த்தொட்டி வீதியைத் தொடும். சில வண்டிகளிலே குறுக்குத் தண்டையும் தொடும். முட்டுகின்ற உறுப்பை மட்டும் இடம்மாற்றுதல் இவையெல்லாவற்றினும் எளிது. வடிகட்டியைக் கழற்றி, அவ்விடத்தில் ஒரு தட்டைப் பூட்டி, இரண்டு வலிய குழாய்களால் எண்ணெயை வேறோரிடத்திலுள்ள வடிகட்டிக்குக் கொண்டுசெல்லலாம். புகைக்குழாயை வெட்டி வேறு வளைவில் ஒட்டலாம். அது சுக்கானுக்கு அருகே செல்லுமாயின் ஒன்றரை அங்குலமேனும் விலகி நிற்பதோடு, இடையே ஒரு தகட்டு மறைப்பும் வேண்டும்; இன்றேல் அதன் வெப்பம் றப்பர் உறைகளைத் தின்றுவிடும்.

இவையெல்லாம் செய்தும் இடம் போதாதாயின் மட்டுமே சுக்கான் தண்டைப் பிரித்து யூனிவர்சல் மூட்டுகளால் வளைத்துக் கொண்டுசெல்ல எண்ணலாம். ஒரே மூட்டு வைத்தால் ஒரு குறை உண்டு. மேலே வளையத்தை ஒரே சீராய்ச் சுழற்றினாலும் கீழே தண்டு சீராய்ச் சுழலாது. மூட்டின் மடிப்பு 30 பாகையாயின், கீழ்த்தண்டின் வேகம் மேற்றண்டினதைப் போல 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறியிறங்கும். சாரதிக்குச் சுக்கான் ஓரிடத்தில் இலேசாகவும் ஓரிடத்திற் கனமாகவும் தோன்றும். இரண்டு மூட்டுகளை ஒரே மடிப்பில் வைத்து, நடுத்தண்டின் இரு கவர்களையும் ஒரே தளத்தில் அமைத்தால் ஒன்றன் குறையை மற்றது அழிக்கும். மூன்றாவது மூட்டு வேண்டின், நடுத்தண்டைத் தாங்க ஒரு பெயாரிங் கட்டாயம். அஃதின்றேல் தண்டு கயிறுபோல் துவளும். பழைய தண்டை வெட்டி நுனியோடு நுனி ஒட்டுதல் மிகவும் தீது. ஒட்டின் அருகே உலோகம் நொய்மையடையும். நாடோறும் முறுக்குண்டு மயிரிழைப் பிளவு தோன்றி ஒருநாள் அறிவிப்பின்றி முறியும். தண்டை அராவி மெலித்து இடம்செய்தலும் அத்தகையதே. பல்வெட்டிய முனைகளும் பூட்டாணிகளும் உடைய மூட்டுகள் இன்று விலைக்கு உள. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் பழைய மாணவர் ஊருக்கு வரும்போது சொக்கிலேற்றுக்குப் பதிலாக அத்தகைய மூட்டு இரண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவாராயின் வாழ்த்துவோர் பலர்.

எங்கள் வண்டிக்கு மூட்டுகள் வேண்டியிருக்கவில்லை. முதியவர் முதலிலே தண்டின் பிடியைத் தளர்த்தி அதனைத் தன் இயல்பான நேருக்கு வரவிட்டார். பின்பு எஞ்சினை முக்கால் அங்குலம் இடப்புறம் நகர்த்தித் தாங்கிகளைப் புதிதாய்ச் செய்தார். பழைய றப்பர்கள் எண்ணெய் ஊறிப் பிட்டுப்போல் உதிர்ந்தன. அவற்றின் மெலிவும் சாய்வை மிகுத்திருந்தது. வடிகட்டியை முன்பக்கத்திற்குக் கொண்டுசென்றார். எஞ்சினின் இடப்பக்கத்தையும் சேசிஸையும் ஒரு குறுகிய பட்டியாற் பிணைத்தார். றப்பர் அறுந்தாலும் எஞ்சின் ஓரளவுக்கு மேல் எழாதபடி அது தடுக்கும்.

அவர் சோதித்த முறை மாணவர் அறியத்தக்கது. 2013 முதல் உயர்தர வகுப்பிலே தொழில்நுட்பப் பிரிவு நடைபெறுவதால் சிறப்பாக அப்பிரிவினர் அறியத்தக்கது. வண்டியின் முன்பகுதியை உயர்த்திச் சில்லுகள் தொங்கும் நிலையில் சுக்கானை ஓரெல்லையிலிருந்து மற்றோரெல்லைவரை திருப்பினார். பின் இறக்கி, முன்பகுதியிற் பாரமேற்றி வில்லுகளை அமுக்கி மீண்டும் திருப்பினார். அதன்பின் எஞ்சினின் கீழ் மரக்கட்டை வைத்து, அலவாங்கால் வலப்புறம் நெம்பிக்கொண்டு, மூன்றாம் முறையும் என்னைக்கொண்டு திருப்புவித்தார். ஒவ்வொரு முறையும் நெருக்கமான இடங்களிற் பிசைந்த களிமண்ணை அப்பிவைத்தார். இரு பொருள்கள் எவ்வளவு நெருங்கின என்பதை நசுங்கிய களிமண்ணின் தடிப்புச் சொல்லும். கண்ணுக்கு எட்டாத இடத்தையும் அது சொல்லும். சாய்ந்த நிலையில் அரை அங்குலத்துக்குக் குறைந்த இடம் எதுவாயினும் அவர் ஒப்பவில்லை. நின்ற நிலையிலே ஒரு விரல் நுழைந்தது போதும் என்று முன்பு கொண்டதன் பிழை அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது.

எஞ்சினின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளும் வேலையும் உண்டு. பலர் அதனை மறந்து, வண்டியை விற்கும் நாளில் அல்லற்படுவர்.

அடுத்த ஆடியமாவாசைக்கு முன்னாள் முதியவர் வந்து, வடிகட்டி முன்பிருந்த இடத்திலும் தண்டின் குழாயிலும் புதிய களிமண்ணை அப்பிவிட்டுச் சென்றார். மறுநாள் அதே அறுவர், அதே சந்தி, அதே முதற் கியர். மாமா மிதியை வேண்டுமென்றே சற்று அழுத்தித் திருப்பினார். சுக்கான் திரும்பியது, கைவிட்டதும் தானே மீண்டது. தீர்த்தமாடி வந்து, ஈரவேட்டியோடு மூடியைத் திறந்து பார்த்தோம். வெப்பத்தாற் களிமண் காய்ந்து வெடித்திருந்தது. அதில் ஒரு தடமும் இல்லை.